கிரவுன் எண்ணெய்க் கசிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலாற்றுக்குத் தெற்கே, காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் நடுவே அமைந்த வெம்பாக்கம் வட்டாரத்தில், பட்டு நூலையும் பாவையும் நெய்து இறக்கிய சேலைகளையும் சுமந்து ஆரணிக்கும் காஞ்சிக்கும் போய்வருகிற வண்டிகளுள், மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி உருவாகி 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும், அதைப் போன்றே முதிர்ந்த ஜீப்பும் இன்னும் கண்ணில் படுகின்றன. அத்தகைய வண்டி ஓர் இரவு நின்று புறப்பட்ட இடத்தில், பின்சக்கரங்களுக்கு நடுவே கரும்பழுப்பு நிறத்தில் எண்ணெய்த் திட்டு ஒன்று கிடப்பதும் சாதாரணமான காட்சியே. பட்டில் விழுந்த ஒற்றைச் சொட்டு எண்ணெய் பல நாள் உழைப்பைப் பாழாக்கிவிடும் என்று அனுபவத்தால் அறிந்த ஊரிலே, வண்டிக்கு அடியில் விழும் சொட்டைப் பற்றி மட்டும் ஆதாரமற்ற அபிப்பிராயங்கள் பல வேரூன்றியிருப்பது வருத்தம் தருகிறது. அவற்றுள் சில உயிருக்கே அபாயம் விளைவிப்பவை ஆகையால், ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

நம்பிக்கை: பழைய வண்டி ஒழுகத்தான் செய்யும், ஒழுகினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மை: பின் அச்சின் நடுவே குடம்போல் பருத்திருக்கும் பகுதியை, அதனுள் சுழலும் பெரிய பற்சக்கரத்தின் பெயரால் ‘கிரவுன்’ என்றே பட்டறைகளில் அழைக்கிறார்கள். ஜீப், அம்பாசடர் போன்றவற்றில் அது கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர்தான். கிரவுனின் பற்களும், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் பற்களும் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு அழுத்தத்தோடு வழுக்கியும் செல்வதால், இடையே எண்ணெய்ப் படலம் இல்லாத கணமே உலோகத்தை உலோகம் தின்னத் தொடங்கும். இந்த எண்ணெயின் அளவைக் காட்டும் முள்ளோ விளக்கோ ஓட்டுநரின் முன்னால் கிடையாது. பின்னாலிருந்து ஊளைபோல் எழும் சத்தமே முதல் அறிவிப்பாக வருகிறது. அது காதில் விழும்போது தேய்மானம் பெரும்பாலும் தொடங்கிவிட்டிருக்கும்.

நம்பிக்கை: சொட்டுகிற இடமே கசிகிற இடம்.

உண்மை: எண்ணெய் பிறக்கும் இடம் ஒன்று, விழும் இடம் வேறு. ஓடும் வண்டியின் காற்றும் பூமியின் ஈர்ப்பும் அதை அச்சின் கூடான ஹவுசிங்கின் மேல் நெடுந்தூரம் இழுத்துச் சென்று, தாழ்ந்த விளிம்பில் சேர்த்துச் சொட்ட வைக்கின்றன. ஆகவே, அடிப்பாகம் முழுவதையும் டீசல் தொட்ட துணியால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் முகப்பவுடரையோ சுண்ணப்பொடியையோ மெல்லியதாகத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்ப்பதே முறையான பரிசோதனை. வெண்மையின் நடுவே முதலில் கறுக்கும் கோடு குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். பினியனருகே எண்ணெயைத் தடுக்கும் வளையமான சீல் பழுதென்றால், சுழலும் இணைப்பு எண்ணெயைச் சிதறடிப்பதால் அதற்கு நேர் மேலே தரைத்தகட்டில் வட்டமாகத் தெறிப்பு தெரியும். ஆக்சில் முனையின் சீல் என்றால், டயரின் உட்புறத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி ஈரக் கீற்றுகள் ஓடும். இவ்விரண்டும் இல்லாமல் ஹவுசிங்கின் இணைப்பு மட்டும் நனைந்திருந்தால் பேக்கிங் காகிதத்தையோ தளர்ந்த போல்ட்டையோ சந்தேகிக்கலாம்.

நம்பிக்கை: சக்கரத்தருகே ஈரம் கண்டால் அது கிரவுன் எண்ணெய்தான்.

உண்மை: அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம், அப்படியானால் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தலாகாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஈரத்தில் தொட்ட குச்சியை அதில் நனைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். கிரவுன் எண்ணெயோ கலக்க மறுத்து, மேலே படலமாக மிதக்கும். அதன் கந்தக நெடியும் மூக்குக்குத் தப்பாது.

நம்பிக்கை: ஆயில் சீல் மாற்றினால் தொல்லை தீர்ந்தது.

உண்மை: ஒரே சீலை மூன்று முறை மாற்றியும் ஒழுக்கு நிற்காத ஜீப் ஒன்றை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஹவுசிங்கின் மேல் விரல் நுனியளவில் பொருத்தப்பட்டிருந்த காற்றுப்போக்கியான பிரீதரை, வயல்வெளிப் பாதையின் சேறு சிமெண்டைப்போல் இறுகி அடைத்திருந்தது. டீசலில் ஊறவைத்துக் கம்பியால் குத்தித் திறந்தவுடன் நோய் நீங்கியது. இதற்குக் காரணம் எளிது: 30 டிகிரியில் இருந்த காற்று 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரிய முயல்கிறது, போக வழியில்லாத அந்தக் காற்று, சீலின் மெல்லிய உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறுகிறது. ஆதலால் காசு செலவில்லாத பிரீதரை முதலில் கவனியுங்கள். அடுத்ததாக, சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பேரிங் ஆட்டம் கண்டிருந்தால் எந்தச் சீலும் நிலைக்காது. மூன்றாவதாக, சீல் அமரும் இடத்தில் ஷாஃப்ட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் பள்ளத்தில் இடறினால், அங்கே மெல்லிய உறை போடாமலோ, சீலைச் சற்றுத் தள்ளித் தேயாத தடத்தில் அமர்த்தாமலோ பொருத்தும் புதுச்சீல் வீணே.

நம்பிக்கை: கெட்டி எண்ணெய் ஊற்றினால், அல்லது அளவுக்கு மேல் நிரப்பினால், கசிவை ஈடுகட்டலாம்.

உண்மை: தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்தைவிட மிகக் கெட்டியான எண்ணெய், காலைக் குளிரில் பினியன் பேரிங்குக்கு உரிய நேரத்தில் சென்று சேராது. கூடுதலாக நிரப்பியதோ கடையப்பட்டு நுரைத்துச் சூடேறி, நல்ல நிலையிலிருந்த சீலையும் நனைத்துவிடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுவதே சரியான அளவு.

நம்பிக்கை: பினியன் நட்டை இறுக்கிவிட்டால் ஒழுக்கு நிற்கும்.

உண்மை: அந்த நட்டு சீலைப் பிடிப்பதற்காக அமைந்ததன்று, பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தைக் காப்பதற்காக அமைந்தது. பல அச்சுகளில் உள்ளே நசுங்கும் தன்மையுள்ள ஸ்பேசர் ஒன்று இருப்பதால், மிகையாக இறுக்கினால் பேரிங் சூடேறி அழியும். சீல் மாற்ற நேரும்போது, நட்டிலும் ஷாஃப்ட்டிலும் பிளாஞ்சிலும் பஞ்ச் உளியால் குறியிட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி வைத்துக்கொண்டு, அதே நிலைக்குத் திருப்புவது தேர்ந்த மெக்கானிக்கின் லட்சணம்.

நம்பிக்கை: ஆக்சில் சீல் வழியே எண்ணெய் ஏறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து மீண்டும் போடலாம்.

உண்மை: இதுவே யாவற்றிலும் விபரீதமான நம்பிக்கை. ஷூவின் லைனிங் பஞ்சுபோல் நுண்துளைகள் உடையது. மேற்பரப்பு உலர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், டிரம் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடியும் வெளிவரும். அப்பொழுது ஒரு சக்கரம் பிடிக்க மறுசக்கரம் வழுக்க, வண்டி எதிர்பாராமல் ஒருபுறம் இழுக்கும். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக்கும் இதே பின்சக்கரங்களையே நம்பியிருக்கிறது. எண்ணெய் ஏறிய ஷூக்களை இருபுறமும் ஜோடியாக மாற்றுவதே நிவாரணம். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும் ஆதலால், டிரம்முக்குள் படிந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அறுந்த இழை எது என்று கண்டுபிடித்து முடிபோட்ட பிறகே அடுத்த ஊடையை ஓட்டுகிற நெசவாளர்கள் வாழும் ஊருக்கு, காரணத்தைக் கண்டபின் காரியத்தைத் தொடங்கு என்று நான் உபதேசிக்க வேண்டுவதில்லை. அந்தச் சிரத்தையை வண்டியிடமும் காட்டுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். பின்பக்கத்தைத் தூக்கியபின் கைப்பிரேக்கால் பயனில்லை. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின்மேல் அச்சை இறக்கிய பிறகே அடியில் செல்லுங்கள். பின்சக்கர டிரம்முக்குள் எண்ணெய் இறங்கிவிட்டதென்று தெரிந்தால், பாவு எவ்வளவு அவசரமாகப் போய்ச் சேர வேண்டியிருந்தாலும், அன்றைக்கு அந்த வண்டியை எடுக்காதீர்கள்.