நெஞ்சுவலியும் நானோ துகளும்

தஞ்சோங் காராங் செம்பனைத் தோட்டம் ஒன்றில் விடியற்காலையில் ஒருவருக்கு நெஞ்சு இறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். "வாயுவாகத்தான் இருக்கும், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்பார் வீட்டுப் பெரியவர். நாம் கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனால், அது மாரடைப்பாக இருந்தால், தைலம் தேய்க்கும் நேரத்தில் இருதயத் தசை மடிந்துகொண்டிருக்கும்.

இருதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அதன் சுவரில் படிந்த கொழுப்பு வெடித்து, அங்கே இரத்தம் உறைந்தால் குழாய் அடைபடும். தசை சிதையும்போது துரோப்போனின் எனும் புரதம் இரத்தத்தில் கசியும். அதைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனை அட்டைகள் உள்ளன. கோவிட் சோதனைக் கருவியில் தோன்றிய சிவப்புக் கோடு நினைவிருக்கிறதா? பெரும்பாலும் அது தங்க நானோ துகள்களின் நிறமே. துரோப்போனின் அட்டைகள் பலவற்றிலும் இதே உத்திதான். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோ மீட்டர். அந்த அளவை நெருங்கும்போது தங்கம் மஞ்சளாகத் தெரியாது, சிவந்து தெரியும்!

அடைப்பைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை 1977இல் சூரிக் நகரில் மருத்துவர் அண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலில் செய்தார். ஆயினும், விரித்த குழாய் சிலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தடுக்க உதவும் மருந்துகளுள் ஒன்று சிரோலிமஸ். பசிபிக் கடலிலுள்ள ராப்பா நூயி தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்த குழுவை வழிநடத்தியவர் இந்திய வம்சாவளி அறிவியலாளர் சுரேந்திரநாத் சேகல். சிக்கல் என்னவென்றால், பலூன் விரிந்திருப்பது ஏறத்தாழ ஒரு நிமிடமே. அதற்குள் இம்மருந்து குழாய்ச் சுவரில் எளிதில் ஊறாது. குஜராத்தின் சூரத் நகரிலுள்ள கான்செப்ட் மெடிக்கல் நிறுவனம் மருந்தை மிக நுண்ணிய கொழுப்புத் துகள்களில் பொதிந்து பலூன்மீது பூசியது. துகள்கள் சுவருக்குள் புகுந்து மருந்தை மெல்ல வெளிவிடுகின்றன. குழாயில் உலோகம் எதுவும் தங்குவதில்லை. ஏற்கெனவே ஸ்டென்ட் பொருத்திய இடம் மறுபடி சுருங்கியவர்களுக்கு இது பெரிய வசதி.

மடிந்த தசையை இந்தப் பலூன் மீட்டுத் தராது. தஞ்சோங் காராங்கிலிருந்து கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகத்திற்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆனால், 999 எண்ணை அழைத்தால் அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள மருத்துவமனையிலேயே இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பார்கள். தேவையென்றால், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தை அங்கேயே செலுத்திவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.