கடல் கடந்து படித்தவர்

முன்னுரை

சென்ற டிசம்பர் 22-ஆம் நாள் எங்கள் பள்ளியில் தேசியக் கணித நாள் கொண்டாடப்பட்டது. அன்று வகுப்பில் சிஸ்டர், "உங்களில் யாருக்கெல்லாம் வெளிநாடு சென்று படிக்க ஆசை?" என்று கேட்டார்கள். பல கைகள் உயர்ந்தன. என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி மட்டும் கையை உயர்த்தவில்லை. "நான் இப்பவே வெளிநாட்டுலதானே சிஸ்டர் படிக்கிறேன்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவளுக்கும் எனக்கும் ஊர் ஒன்றுதான், கீழ்புத்துப்பட்டு. அங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் அவள் வீடு இருக்கிறது.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் எப்படி நாள் கழித்தார் என்று படித்து எழுதிக்கொண்டு வா" என்று என்னிடம் சொன்னார்கள். அப்படிப் படித்தவற்றை இங்கே தருகிறேன்.

பயணம்

சீனிவாச இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். அதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் ஏறினார். புறப்படும் முன் குடுமியை எடுத்தார். கோட்டும் காலணியும் அணியப் பழகினார். ஏப்ரல் 14-ஆம் நாள் இலண்டன் அடைந்தபோது அவருக்கு வயது 26.

அன்றாட வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் ட்ரினிட்டி கல்லூரியின் அறை ஒன்றில் தங்கினார். இறைச்சியும் முட்டையும் தொடாதவர் ஆகையால் கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிடவில்லை. பாலும் பழமும் கொண்டு சில நாள் சமாளித்தார். பின்பு ஊரிலிருந்து பொருள்களை வரவழைத்து அறையிலேயே சமைக்கத் தொடங்கினார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. அதன்பின் ஊரிலிருந்து பொருள்கள் வருவதும் கடினமாயிற்று.

அவருடைய நாளுக்குக் காலையும் மாலையும் இல்லை. சில வேளைகளில் 30 மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போடுவாராம். பிறகு 20 மணி நேரம் தூங்குவாராம். நாள்தோறும் ஐந்தாறு புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டினார் என்று ஹார்டி பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் என்ன உண்டார், எப்போது உண்டார் என்பதைக் கவனிக்கத்தான் அருகில் யாரும் இல்லை. காலணி காலைக் கடித்ததால் அறைக்குள் செருப்போடுதான் நடப்பாராம்.

ஒரு குளிர்காலத்தில் மகலனோபிஸ் என்னும் வங்காள மாணவர் அவரைக் காண வந்தார். (இவரே பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.) இராமானுஜன் நெருப்பருகே ஒடுங்கி அமர்ந்திருந்தார். "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று மகலனோபிஸ் கேட்டார். மேல்கோட்டை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குவதாக இராமானுஜன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் எல்லாம் அங்கேயே இருந்தன. மேல்விரிப்பின் அடியில் அவை மெத்தையோடு செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று நம் மேதைக்கு யாரும் சொல்லித் தரவில்லை!

ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு காலைகளில் இருவரும் நெடுந்தூரம் நடந்து செல்வது வழக்கம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரை வாசித்தார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என எண்கள். ஒரு வீட்டிற்கு இடப்புறம் உள்ள எண்களைக் கூட்டினாலும் வலப்புறம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை. வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டின் எண் என்ன?

கரண்டியைக் கீழே வைக்காமலே இராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு விடைக்குள் எல்லா விடைகளும் அடங்கியிருந்தன. தெருவில் 8 வீடுகள் என்றால் விடை 6. 288 வீடுகள் என்றால் 204. தோழிகளே, நம் பாடத்தில் உள்ள கூட்டுத்தொடர் சூத்திரத்தைக் கொண்டு சரிபாருங்கள். இரு பக்கமும் 20,706 வரும்.

வெளியூர்ப் பயணங்கள் எல்லாம் இனிமையாக அமையவில்லை. ஒருமுறை சில இந்திய நண்பர்களைத் தம் அறைக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். விருந்துக்கு வந்த பெண்கள் ஒரு கட்டத்தில் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது. தம் உணவை மறுத்தது மனத்தைப் புண்படுத்தியதால் இரவோடிரவாகப் போய்விட்டாராம். மற்றொரு முறை இலண்டனில் தங்கியிருந்தபோது ஓவல்டின் குடித்துவிட்டார். டப்பாவைப் படித்ததும் அதில் முட்டைத்தூள் உண்டு என்று தெரிந்தது. உடனே மூட்டை கட்டிக்கொண்டு இரயில் நிலையத்துக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து விமானக் குண்டுகள் விழுந்தன. தாம் செய்த பிழைக்கு இது தண்டனை என்றே நினைத்தாராம். படிக்கும்போது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, அந்தத் தனிமையை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெற்றதும் இழந்ததும்

1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது. 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டில் ட்ரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 1917 முதலே நோயாளி. தொடக்கத்தில் மாதம் மூன்று நான்கு என வீட்டுக்கு வந்த கடிதங்களும் குறைந்துபோயின. 1919-இல் மெலிந்த உடலோடு நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது வயது 32.

முடிவுரை

இதைப் படித்து முடித்தபோது மகலனோபிஸ் கேட்ட அந்த ஒரு கேள்வியே என் மனத்தில் நின்றது. "இரவில் குளிர் தாங்குகிறதா?" அவரும் அந்த நாட்டுக்குப் புதிதாக வந்த மாணவர்தான். ஆனாலும் அவர் கேட்டார். எழுந்து போய்ப் பார்த்தார்.

இரண்டு ஆண்டுகளாக ஒரே பேருந்தில் வந்து ஒரே பெஞ்சில் அமர்ந்தும் நான் என் தோழியிடம் எதையும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு சுற்றுலாவுக்கு அவள் வரவில்லை. பணம் கட்ட முடியவில்லை போலும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இப்போது கேட்டேன். அன்று முகாமில் பெயர்ப் பதிவு சரிபார்க்கும் நாளாம்; வீட்டார் எல்லாரும் நேரில் இருக்க வேண்டுமாம். அவள் பெற்றோர் கைக்குழந்தைகளாகப் படகில் வந்தவர்கள். அவளோ இங்கேயே பிறந்தவள். எனினும் 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இங்குப் பிறந்தவர்கள் குடிமக்களாக வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாய் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் விண்ணப்பங்களில் 'குடியுரிமை' என்ற கட்டம் வந்தாலே அவள் பேனா நின்றுவிடுகிறதாம்.

சட்டத்தை மாற்ற என்னால் முடியாது. கேட்க முடியும் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் இருவரும் சவுக்குத் தோப்பைக் கடந்து எங்கள் ஊர்க் கடற்கரைக்கு நடந்து போனோம். மணலில் அந்த வீட்டுக் கணக்கை எழுதினேன். எனக்கு முன்னே அவள் விடை சொல்லிவிட்டாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி