நம்பிக்கையும் உண்மையும்: லோ வோல்டேஜில் மோட்டார் பத்திரமா?

"வோல்டேஜ் கம்மியாத்தானே வருது, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும். மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே." சின்னமனூர் வாழைத்தோட்டத்திலும் இதே பேச்சு, சுருளிப்பட்டி திராட்சைப் பந்தலடியிலும் இதே பேச்சு. காயில் கருகிய மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குத் தூக்கி வருகிறவரும் இதையே சொல்கிறார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

துணைக்கு ஓம் விதியை வேறு இழுக்கிறார்கள். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை. 1827-இல் ஜார்ஜ் ஓம் எழுதியது சரிதான். ஹீட்டர் கம்பிக்குச் சரி. ஓடுகிற மோட்டாருக்கு அப்படியே பொருந்தாது. சந்தேகம் உள்ளவர்கள் 5 ஹெச்.பி. மோட்டாரின் காயிலில் மல்டிமீட்டரை வைக்கட்டும். 3 ஓம் காட்டுகிறது என்று வையுங்கள். 415 வோல்ட்டை 3-ஆல் வகுத்தால் 138 ஆம்பியர். ஓடும்போது டாங் டெஸ்டர் மாட்டினால் ஏறக்குறைய 7.5 ஆம்பியர்தான்! சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டைக் கட்டிப்போடுகிறது. மல்டிமீட்டருக்கு அது தெரியாது.

பம்பு கேட்கிற வேலையோ வோல்டேஜைப் பார்த்துக் குறைவதில்லை. போர்த் தண்ணீர் அதே உயரம்தான் ஏறியாக வேண்டும். 5 ஹெச்.பி. என்றால் 3,730 வாட். அதைக் கொடுக்க, வோல்டேஜ் இறங்கினால் கரண்ட் ஏறித்தான் ஆகும். 415-இல் 7.5 ஆம்பியர் இழுத்த மோட்டார் 340-இல் 9-ஐத் தாண்டும். காயிலின் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறுவதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சுழற்றும் விசையோ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட் செய்தால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நாலைந்து மடங்கு கரண்டைக் குடிக்கும். வார்னிஷ் கருகும் வாடை வந்தபின் லைன்மேனைத் திட்டி என்ன பயன்?

லோ வோல்டேஜில் பில் குறையும் என்பது இன்னொரு கதை. 230 வோல்ட்டில் 1,000 வாட் ஹீட்டர், 180-இல் ஏறக்குறைய 612 வாட். வெந்நீர் காய அதிக நேரம் பிடிக்கும், மிச்சம் ஒன்றுமில்லை. விவசாயப் பம்புசெட்டுக்கோ பில்லே கிடையாது.

"லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் பக்கத்திலேயே இருக்கே, கூடலூருக்கு வோல்டேஜ் எப்படிக் குறையும்?" முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் சுழற்றுகிற அந்த டர்பைனிலிருந்து உங்கள் தோட்டத்துக்கு யாரும் தனிக்கம்பி இழுக்கவில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கம்பியின் தடையும், அதே கம்பியில் ஓடும் மற்ற மோட்டார்களும்தான் வோல்டேஜைத் தின்கின்றன.

உங்கள் சொந்தக் கேபிளும் தின்கிறது. 2.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிள் 200 மீட்டர் போனால் ஒரு பேஸுக்கு ஏறக்குறைய 1.5 ஓம், மூன்று பேஸ் மோட்டாருக்கு 19 வோல்ட் அங்கேயே போச்சு. அதே கனத்தில் அலுமினியம் என்றால் 30. லட்ச ரூபாய்க்குப் போர் போட்டுவிட்டுக் கேபிளில் கஞ்சத்தனம்!

இதைவிடக் கொடுமை, "சும்மா ட்ரிப் ஆகுது" என்று ஓவர்லோடு ரிலேயை டைரக்ட் பண்ணித் தரும் மெக்கானிக்குகள். ரிலே சும்மா ட்ரிப் ஆகவில்லை. 9 ஆம்பியரைப் பார்த்துவிட்டுத்தான் ஆகிறது. ரிலே இருக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரைத் திறப்பதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். ரிலேயின் முள் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரைத் தாண்டி நின்றால், அதை அங்கே வைத்தவரையே கூப்பிட்டு இறக்கச் சொல்லுங்கள்.