பிரசங்கிமார் கூடிப் படிக்க

அன்புள்ள தம்பிக்கு,

பிரசங்கிமார் கூடிப் படிக்கும் குழுவுக்கு ஐந்தாறு பேர் போதும். எட்டைத் தாண்டினால் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

இப்படிக் கூடிப் படிப்பதற்கு நல்ல முன்மாதிரி, கேம்பிரிட்ஜ் திருத்துவ ஆலயத்தில் 1782 முதல் 1836 வரை ஊழியம் செய்த சார்லஸ் சிமியோன். குருத்துவத்துக்குப் போகவிருந்த மாணவர்களை அவர் தம் அறைக்கு வரவழைப்பார். ஒரு வசனத்தைக் கொடுத்துக் குறிப்பு எழுதச் சொல்லித் திருத்துவார். வெள்ளிக்கிழமை மாலை தேநீரோடு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். ழான் கிளாத் என்ற பிரெஞ்சுப் போதகர் பிரசங்க அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரையே அவருக்குப் பாடநூல். பிற்காலத்தில் 2,536 பிரசங்கக் குறிப்புகளை 21 தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றைப் புரட்டுகிறவர்கள் இன்று குறைவு. அவரிடம் உதவிக்குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1806-இல் இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் பெயர்த்தார்.

தமிழில் படிக்கும் குழுவுக்கு முதல் கருவி இரண்டு வேதாகமங்கள். சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஃபெப்ரிசியஸ் போட்ட அடித்தளத்தின் மேல் பவர் ஐயர் குழு 1871-இல் முடித்தது. மற்றது, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். முன்னதில் ‘விசுவாசம்’ என்று வருவது பின்னதில் ‘நம்பிக்கை’. ஆலயத்துக்கு வெளியே விசுவாசம் என்றால் எஜமானிடம் நாய் காட்டுவது; நம்பிக்கை என்றால் கடன் கொடுக்கிறவர் பார்ப்பது. பவுல் சொல்வது இவற்றில் எதற்கு அருகில் என்று குழு ஒரு மாலை முழுக்க வாதாடலாம், வாதாடவும் வேண்டும்.

அடுத்து, ஒத்தவாக்கிய அகராதி ஒன்றும் பொதுக் குறிப்பேடு ஒன்றும் வேண்டும். எந்தப் பகுதியைப் படிப்பது என்ற சண்டையைத் தவிர்க்க, சபை நாட்காட்டியிலுள்ள வேதபாட அட்டவணை உதவும்.

விளக்கவுரைகள் கடைசியில் வரட்டும். சிறையிலிருந்த பவுலே தீமோத்தேயுவிடம் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஆகவே நூல்கள் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளக்கவுரையை முதலில் திறக்கும் குழுவில் எல்லாரும் ஒரே பிரசங்கத்தைச் செய்வார்கள்.

பகுதியையே முதலில் சேர்ந்து படிப்பதன் பயன் லூக்கா 15-ஐ எடுத்துக்கொண்டால் தெரியும். ‘கெட்ட குமாரன்’ என்ற தலைப்பு உவமைக்குள் இல்லை. அதிகாரத்தின் தொடக்கத்தில் முறுமுறுக்கிறவர்கள் பரிசேயரும் வேதபாரகரும். முடிவில் வீட்டுக்கு வெளியே நிற்பவன் மூத்தவன். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. இளையவன் வீடு திரும்பியதோடு பிரசங்கத்தை முடிக்கிறவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்ட ஒரு சக ஊழியர் வேண்டும்.

பிரசங்கம் முடிந்தபின் அதைப் பேசுவதும் படிப்பில் சேர்த்தி. பகுதி என்ன சொல்கிறது, பிரசங்கம் அதைச் சொன்னதா, பின்வரிசைக்குப் புரிந்ததா என்ற மூன்றைக் கேட்டால் போதும். பேசியவர் அன்றைக்குப் பதில் சொல்லக் கூடாது, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். பாராட்டு மட்டும் பேசும் குழு ஆறு மாதத்தில் தேநீர்க் குழுவாகிவிடும்.

முதல் கூட்டத்துக்கு லூக்கா 15 போதும். புதிய விளக்கவுரை வாங்குவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துவுக்குள்,
அண்ணன்