நிலக்கடலையும் பூஞ்சண நஞ்சும்

உணவைக் கெடுக்கும் பொருள்களுள் கண்ணுக்குப் புலனாவன சில, புலனாகாதன பல. பின்னவற்றுள் ஒன்றாகிய பூஞ்சண நஞ்சினைக் குறித்து, நம் தேனிப் பகுதி வேளாண்மையோடு இயைத்து, ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நெல்வயல்களும் திராட்சைப் பந்தர்களுமே நினைவிற்கு வரும். ஆயின் அந்நீர் எட்டாத மேட்டு நிலங்களிலும், ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக் காடுகளிலும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளைகின்றன. இவ்விரண்டனையுமே இந்நஞ்சு பெரிதும் பற்றுகின்றது.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவற்றிற்கு இடப்பட்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில், ‘ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ்’ என்னும் பூஞ்சணம் விளைத்த நஞ்சு இருத்தலை அறிஞர் கண்டு, அதற்கு ‘அஃபிளாடாக்சின்’ எனப் பெயரிட்டனர். 1974இல் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில், பருவந் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு 397 பேர் ஈரல் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். அவ்வுணவையே உண்ட நாய்களும் மடிந்தன. சிறிது சிறிதாக நெடுங்காலம் உண்பார்க்கு இந்நஞ்சு ஈரற் புற்றையும் விளைக்கும்.

‘வேகவைத்தால் தீராதோ?’ எனின், தீராது. கொதிநீரின் வெப்பம் பூஞ்சணத்தைக் கொல்லும். அது முன்னரே விட்டுச்சென்ற நஞ்சை அழிக்கமாட்டாது. வறுத்தலால் ஒரு பகுதி குறையுமேயன்றி முற்றும் நீங்காது. ஆதலின் காவல் அடுப்பங்கரையில் அன்று, நிலத்திலேயே தொடங்கல் வேண்டும்.

காய் முற்றுங்கால் நிலம் வறண்டு வெடிப்பின் பூஞ்சணம் உட்புகும்; நீர் வாய்ப்புடையார் அப்போது ஒரு தண்ணீர் பாய்ச்சுதல் நன்று. பறிக்கும்போது காய் உடைபடலாகாது. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசி மழைக்குள் அகப்படின், செடியைக் குவித்து வையாது, காய்கள் மேல்நோக்கக் கவிழ்த்துப் பரப்பல் வேண்டும். பருப்பின் ஈரம் நூற்றுக்கு எட்டாகக் குறையும்வரை உலர்த்தி, மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாது பலகைமேல் அடுக்குதல் முறை. தோலுடைக்குமுன் காயின்மேல் நீர் தெளித்தலோ பெருங்கேடு.

நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒத்துப் பரவியிராது. சுருங்கியனவும் நிறம் மாறியனவுமாகிய சிலவற்றிலேயே மிகுந்திருக்கும். ஆகையால் அவற்றைப் பொறுக்கி நீக்கின் எஞ்சியது பெரிதும் தூய்தாகும். ஆனால் நீக்கிய சொத்தை எங்கே செல்கின்றது? அது செக்கிற்குச் செல்லின், நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். பிண்ணாக்கைப் பசு உண்ணும். நஞ்சின் ஒரு கூறு வேற்றுருக் கொண்டு பாலில் இறங்கும். காய்ச்சினும் நீங்காத அப்பாலைக் குழந்தை பருகும். இதுபற்றியே நம் நாட்டுச் சட்டம் ஒரு கிலோ தானியத்தில் 15 மைக்ரோகிராம் வரை பொறுத்து, பாலில் 0.5 மைக்ரோகிராமே எல்லையென வகுத்தது. எனவே சொத்தைக் கடலை செக்கிற்கும் ஆகாது, தொழுவத்திற்கும் ஆகாது.

இவையெல்லாம் அறிந்தும் உழவர் ஏன் செய்யார் என வினவுதல் எளிது. உலர்ந்த கடலை எடை குறையும். எடைக்கே விலையெனின், நன்கு உலர்த்தியவர் இழப்பெய்துவர், ஈரத்தோடு விற்றவர் ஊதியம் பெறுவர். ஈரத்தை அளந்து, உலர்ந்ததற்கு உயர்ந்த விலை கொடுக்கும் வாணிகமே இந்நஞ்சிற்கு முதல் மருந்தென்பது நம் துணிபு. சிற்றூர்களினின்று கல்லூரிக்கு வந்துள்ள நாம், விடுமுறையில் வீடு செல்லுங்கால் களத்துமேட்டிலும் கடைவீதியிலும் இதனை எடுத்துரைப்போமாயின், கற்ற கல்வி ஊர்க்கும் பயன்படும்.