ஐம்பதை நெருங்கும் மாதரும் உறக்கமும்

கடைச் சரக்கின் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் நாம், நம் இல்லத்தில் ஒருத்தி மாதக்கணக்காய் உறங்காதிருப்பதை அறிவதில்லை. "வயதாக வயதாகக் கோபம் ஏறுகிறது" என்று சொல்லிக் கடைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். அது வெறும் கோபமன்று. தேகத்தில் நிகழும் மாறுதல் என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டது என்பர் டாக்டர்கள். பெரும்பாலோருக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் இது நேருகிறது. தொல்லையோ சில ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடும். சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறி இறங்கிப் பின் குறைகிறது. அதனால் உடற்சூட்டைச் சமன் செய்யும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. திடீரென முகமும் மார்பும் கனன்று, வியர்த்து, சில நிமிடங்களில் தணியும். நள்ளிரவில் இரண்டு மூன்று தடவை இப்படி வந்தால் உறக்கம் எங்ஙனம் கூடும்? உறக்கம் கெட்டால் மறதி, எரிச்சல், காரணமற்ற அழுகை எல்லாம் பின்தொடரும். முன்பு மனச்சோர்வு கண்டவர்களுக்கு அது திரும்பும் அபாயமும் அதிகம்.

"கொஞ்ச நாளில் போய்விடும்" என்பாரும் உளர். அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அடிக்கடி இச்சூடு கண்ட மாதரில் பாதிப்பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அத்தனை காலம் பொறுத்திரு என்று சொல்வது நியாயமாகுமா?

பரிகாரம் உண்டு. மாலைக்குப் பின் காப்பி, தேத்தண்ணீர் வேண்டாம். மெல்லிய பருத்தி ஆடை, காற்றோட்டமான அறை, தினமும் ஒரே நேரத்தில் எழும் பழக்கம் ஆகியவை உதவும். போதாதெனில், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் டாக்டரிடமும் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமும் மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கும் இருக்கின்றன. கூச்சமெனில் பெண் டாக்டரைக் கேட்கலாம். ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பலருக்குக் குணமளிக்கும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்குப் பொதுவாக அது ஆகாது. அவர்களுக்கு வேறு மருந்துகளும், உறக்கப் பழக்கத்தைச் சீர்செய்யும் பேச்சுச் சிகிச்சையும் உள. தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது.

மூன்று விஷயங்களில் தாமதம் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் உதிரம் கண்டாலும், இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி வாடியிருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். "இருந்து என்ன பயன்?" என்ற சொல் வாயில் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இவை யாவற்றுக்கும் முதற்படி செலவில்லாதது. இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும், "இராத்திரியில் தூக்கம் வருகிறதா?" என்று நாம் கேட்போமாக, பதிலையும் பொறுமையாய்க் கேட்போமாக.