திருமுன் இசையும் பாணர் மரபும்

சைவத் திருக்கோயில்களிற் காலந்தோறும் ஓதப்பெறும் தேவாரப் பண்களை நமக்கு மீட்டளித்தவர் யாவர் என வினவின், நம்பியாண்டார் நம்பிகளும் திருமுறைகண்ட சோழரும் என்பதே பலரும் இறுக்கும் விடையாகும். பதிகங்களின் அளவில் அவ்விடை பொருந்தும். பண்களின் அளவில் நிரம்பாது. தில்லையிற் பூட்டிக் கிடந்த அறை திறக்கப்பட்டு, கறையான் உண்டது போக எஞ்சிய ஏடுகள் கைவந்த பின்னரும், அவற்றை இசைக்கும் முறை அறிவார் இலராயினர். அப்பொழுது, திருவெருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்திக்கு அவ்வறிவு அருளப்பட்டிருத்தலை இறைவன் உணர்த்த, அவளைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் வகுப்பித்தனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஆகவே, இன்ன குலத்தார் திருமுன் பாடலாகாது, பெண்டிர் பாடலாகாது என மரபின் பெயரால் விலக்குவார், தாம் காக்கப் புகுந்த மரபே பாணர் குலத்துப் பெண்ணொருத்தியின் மிடற்றின் வழியே வந்தது என்பதை மறந்தவராவர்.

விலக்குவோர் கூற்று முழுவதையும் வெறுப்பென்று தள்ளுதல் எம் கருத்தன்று. கருவறையினுட் புகுதற்கு உரியார் இவர், அர்த்தமண்டபத்தில் நிற்றற்கு உரியார் இவர் என ஆகமங்கள் இடவரையறை கூறுவன. அதனை எளிதிற் கடக்கலாகாது. ஆயின் இடவரையறை வேறு. பாடுவாரைப் பிறப்பு நோக்கி விலக்குதல் வேறு. இறைவன் புகழ் பாடுதலைச் சிவஞானசித்தியார் தாதமார்க்கமாகிய சரியைத் தொண்டினுள் வைத்தது. திருவலகிடுதல், மலர் தொடுத்தல், விளக்கிடுதல் என்பவற்றோடு ஒருங்கு எண்ணப்படும் இத்தொண்டினைச் சிலர்க்கு மட்டும் உரியதாக்குதற்கு விதி யாண்டுளது என்று கேட்பின், பெரும்பாலும் கிடைக்கும் விடை "முன்னோர் வழக்கம்" என்பதே. அவ்வழக்கத்தின் முன்னோரையே நோக்குவோம்.

யாழ்ப்பாண நாயனார் மதுரையில் ஆலவாயண்ணல் திருக்கோயில் வாயிலின் புறத்தே நின்று யாழிசைத்தார். அன்றிரவு இறைவன் கனவில் ஆணையிட்டது நாயனார்க்கு அன்று, அடியார்க்கு என்பது கருதத்தக்கது. அடியார் மறுநாள் அவரைத் திருமுன்பு கொண்டு புகுந்தனர். அங்கே தரையிலிருந்து அவர் வாசிக்க, நிலத்தின் ஈரம் தாக்கின் யாழ் நரம்பு தளரும், ஆதலின் பலகையிடுக என்று வானில் ஓரொலி எழ, பொற்பலகை இடப்பட்டது.

இஃது அருளாணையான் நிகழ்ந்த விலக்கு. நமக்கு விதியாகாது என்பாரும் உளர். கேட்டற்கு நன்றாயினும் இக்கூற்று நிரம்பாது. ஒருவரது அன்பின் மிகுதி பற்றி மட்டும் நிகழ்ந்ததாயின், அவரை உள்ளழைத்த அளவில் ஆணை முடிந்திருக்கும். பலகையிடச் சொன்னதற்குக் கூறப்பட்ட காரணமோ யாழ் நரம்பின் காரணம். திருமுன்னர் இசை குன்றலாகாது என்பதே அதன் பொருள். பாணரைப் புறத்தே நிறுத்திய அந்நாள் வழக்கத்தால் குன்றியதும் அவ்விசையே அன்றோ?

திருவாரூரில் நிகழ்ந்தது பிறிதொரு வகை. அங்கும் அவர் வாயிலில் நின்று பாட, இறைவன் வடதிசையில் வேறு வாயில் வகுத்தருளினான். நாயனார் அவ்வழியே புகுந்து தொழுதார். "கண்டீரா, பொதுவாயில் அவர்க்கு இல்லை, தனிவாயிலே தரப்பட்டது" என இதனைத் தம் கொள்கைக்குச் சான்றாக்குவோர் உண்டு. அவர்க்கு யாம் சொல்வது ஒன்றே. அவ்வாயில் சென்றது எவ்விடத்திற்கு? மூலட்டானத்திறைவன் திருமுன்பிற்கே. வாயில் வேறாயினும் சேரும் இடம் வேறன்று. மாந்தர் வகுத்த வாயிலில் தடையிருந்தமையால் இறைவன் வேறொன்று வகுக்க நேர்ந்தது. அதனைத் தடைக்குச் சான்றாகக் காட்டுதல், மருந்தைக் காட்டி நோயைப் போற்றுதல் போலும்.

இனித் திருநீலநக்க நாயனார் வரலாறு. சாத்தமங்கையில் வாழ்ந்த இவ்வந்தணர் தூய்மை வரம்பில் எத்துணைக் கடுமையர் என்பதைச் சேக்கிழார் மறைத்திலர். அயவந்தி இறைவன் திருமேனியில் விழுந்த சிலந்தியை அகற்ற மனைவியார் வாயால் ஊதியதும், எச்சில் பட்டது என்று அவ்வம்மையாரையே துறந்து இல்லம் போயினார். அன்றிரவு இறைவன் கனவில் தோன்றி, ஊதிய இடம் ஒழிய ஏனைய இடமெல்லாம் சிலந்தியாற் கொப்புளம் கொண்டமையைக் காட்டினான். அத்தகைய நீலநக்கர் மனைக்குத்தான் ஆளுடைய பிள்ளையார் பின்னர் எழுந்தருளுகின்றார். இரவில், யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியார்க்கும் இடங்கொடுக்க என்று பணிக்கின்றார். நீலநக்கர் தயங்கினாரல்லர். புறத்திண்ணையையும் காட்டினாரல்லர். மனையின் நடுவே, வேள்வித்தீ அவியாது ஓம்பப்பெறும் வேதியின் அருகே இடங்கொடுத்தார். அத்தீ வலஞ்சுழித்து முன்னையினும் ஓங்கிற்று எனப் புராணம் கூறும். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருவர் வரலாற்றிலேயே அமைத்துக் கூறும் சேக்கிழார் பெருமான் உள்ளக்கிடக்கையை, புராணம் விரித்துரைக்கும் புலவர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். முதலில் தூய்மை கருதி மனைவியைத் துறந்தவர், பிற்பட்ட நாளில் வேதித்தீயின் அருகே பாணர் குடும்பத்தைத் துயில்விக்கின்றார்; சிலந்தியாற் பெற்ற பாடம் வீண்போகவில்லை.

திருநாளைப்போவார் வரலாற்றிலும் இப்பொருள் உண்டு. பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் திருக்கோயில்களுக்கு அளித்தவர் அவர். அவர் தந்த தோலும் நரம்பும் உள்ளே முழங்க, தந்தவர் புறத்தே நின்றார். மிருதங்கத்துத் தோல் எவர் கைப்பட்டு வருகிறதென்று இன்றும் எவரும் வாயிலில் வினவுவதில்லை.

புராணம் ஒழியக் கல்வெட்டும் பேசும். முதலாம் இராசராசர் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், உடன் முழக்க உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர் என இருவரையும் அமைத்து, ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தார். இவருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணி பெறுக என்பது கட்டளை. அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு பாடுவிக்க என்பதும் அதே கட்டளையின் பகுதி. பிறப்புரிமை தகுதிக்கு உட்பட்டே நின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் பெருவேந்தர் கல்லில் வெட்டுவித்த வழக்கம் இதுவாயின், நாம் முன்னோர் வழக்கம் என்பது எம்முன்னோரை?

அண்மைக் காலத்துச் செய்திகளுள் இரண்டு கூறுவாம். ஓதுவார் மரபினராகிய தண்டபாணி தேசிகர் 1946-ஆம் ஆண்டு திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையில் தமிழ்ப்பாட்டுப் பாடியதற்கு எதிர்ப்பெழுந்தது பலரும் அறிந்ததே. அங்குத் தடையானது குலம் அன்று, மொழி. அச்சமாதிக் கோயிலைத் தம் பொருளாற் கட்டுவித்த பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே, பெண் என்பதுபற்றி, ஆடவர் நடத்திய விழாவிற் பாட நெடுங்காலம் இடமில்லாதிருந்தது.

மற்றையது நமக்கு இன்னும் அணித்து. தில்லையில் திருச்சிற்றம்பல மேடைமீது நின்று தேவாரம் ஓத முயன்று தடுக்கப்பட்ட சிவனடியார் ஆறுமுகசாமி நெடுநாள் வழக்காடினார். 2008 பிப்பிரவரி 29-ஆம் நாள் அதற்கு இசைவளிக்கும் அரசாணை பிறந்தது. மார்ச்சு 2-ஆம் நாள் காவலர் சூழ, பூசலினிடையே அவர் ஓத நேர்ந்தது. தேவாரத்தை யாம் விலக்கவில்லை, மேடைமீது பிறர் ஓதுதலே வழக்கன்று என்பது தீட்சிதர் தரப்பின் விடை. அஃது இடவரையறை பற்றியதாகலின் மதித்து ஆராயத்தக்கதே. ஆயினும், கும்பிடுதற்பொருட்டு அடியார் ஏறிநின்ற மேடையில், அவ்வடியாரே வாய்திறந்து மூவர் தமிழை ஓதின் மட்டும் வரம்பு அழியும் என்பது எங்ஙனம்? மூவர் வந்தாலன்றி ஏட்டறை திறவாது என்று அன்றும் அத்தலத்திற் கூறினர். சோழர் மூவர் திருவுருவங்களை எழுந்தருளுவித்தபின் அறையைத் திறந்துவிட்டனர். காவலர் புகாமலே அவ்வழக்குத் தீர்ந்தது.

(2022-ல் இரிஞ்ஞாலக்குடைக் கூடல்மாணிக்கம் கோயிலிற் போலப் பிறசமயத்திற் பிறந்த கலைஞர்பால் எழும் வழக்கு வேறு, அதனைத் தனியே ஆராய்தல் வேண்டும். ஈண்டுப் பேசியது சிவனடியார்க்குள் நிகழும் விலக்கையே.)

உறையூர்ப் பஞ்சவர்ணேசுவரர் கோயிலில் 2006-ஆம் ஆண்டும், மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021-ஆம் ஆண்டும் பெண்கள் ஓதுவாராக அமர்த்தப்பெற்றனர். இவை அரசு செய்த அமர்த்தங்கள். ஆதீனங்களின் ஆதரவில் நடைபெறும் தேவாரப் பாடசாலைகளோ மரபுக் குடும்பத்துச் சிறுவரையே பெரிதும் நம்பியிருந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் பிற தொழில் நாடிப் போதலால் இடங்கள் நிரம்பவில்லை. மிடறும் அன்பும் உடைய சிறுமி ஒருத்தியோ, முன்னர் வாயிலின் புறத்தே நிறுத்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவனோ வந்து நின்றால், சமயதீக்கை செய்து பாடம் தொடங்குவதா, குலம் கேட்டு அனுப்புவதா என்பதை மடாதிபதிகளும் பாடசாலை ஆசிரியர்களும் வரும் சேர்க்கைக்கு முன் துணிந்துரைத்தல் வேண்டும். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணிடம் நம்பிகள் கேட்டது பண் ஒன்றையே.